ஆபரேஷன் தியேட்டரில் உங்களைத் தாங்கும் மேசை

(நூலக அரங்கொன்றில் மாலை நேரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உங்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். பாதிப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். சரி, தியேட்டருக்குள் போனதும் என்ன பார்த்தீர்கள்? மேலே பெரிய விளக்கு, எலும்பு வரை ஏறும் குளிர், முகமூடி போட்ட நாலைந்து பேர். மயக்க மருத்துவராக 28 வருஷமாக வேலை பார்க்கிறேன். யாரைக் கேட்டாலும் விளக்கைத்தான் சொல்வார்கள். முதுகுக்குக் கீழே இருந்த மேசையை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அதில் ஏறிப் படுக்கும்போது, ‘இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறதே, புரண்டால் விழுந்துவிடுவோமே’ என்று தோன்றியிருக்கும். அகலம் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர்தான். டாக்டர் ஒரு பக்கமும் உதவியாளர் மறுபக்கமும் உங்கள் உடம்பை ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒடுக்கம். அது ஒரே பலகையும் இல்லை. தலை, முதுகு, இடுப்பு, கால் என்று தனித்தனியாக மடங்கும். மொத்தமாக ஏறும், இறங்கும், நாலு பக்கமும் சாயும். எதற்கு இத்தனை அசைவு? உடம்புக்குள் ரத்தம், குடல், ஏன், நாங்கள் போடும் மருந்துகூட, எல்லாமே பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த மேசை.

என் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறோம் இல்லையா, அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் மருந்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை கலந்திருக்கும். அதனால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைவிட அது கனம். தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டுத் தேன் விட்டால் அடியைத் தேடிப் போகிறதல்லவா, அதே கதைதான். ஊசி போட்டு முடித்ததும் மல்லாந்து படுக்க வைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையில் வைப்பேன். “ஜில்லுன்னு இருக்காம்மா?” “இல்லை டாக்டர்.” அடிவயிற்றில் வைப்பேன். “இல்லை.” தொப்புளுக்கு மேலே வைத்ததும், “ஆங், இப்ப தெரியுது.” காலில் ஆபரேஷன் என்றால் தொப்புள் மட்டம் போதும். சிசேரியன் என்றால் மார்பு மட்டம் வரைக்கும் ஏற வேண்டும். “தலைப்பக்கம் கொஞ்சம் இறக்குங்க” என்று டெக்னீஷியனிடம் சொல்வேன். ஒரு நிமிடம் காத்திருப்போம். மறுபடியும் பஞ்சு. முதல் சில நிமிடங்கள்தான் இப்படி நகர்த்த முடியும், அப்புறம் மருந்து அந்தந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்களில் மேசை உடனே சொன்னபடி கேட்க வேண்டும்.

சிசேரியன் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத் தாய் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையின் மேல் உட்கார்ந்துவிடும். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தடைபடும். “என்னமோ பண்ணுது, வாந்தி வருது” என்பார். பி.பி. பார்த்தால் சரிந்திருக்கும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறைந்திருக்கும். இதற்கு மருந்தும் உண்டு. ஆனால் அதோடு கூடவே மேசையை இடப்பக்கம் 15 டிகிரி அளவுக்குச் சாய்க்கிறோம், கருப்பை சிரையை விட்டு ஒதுங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கவாட்டில் சாயாத மேசைகளில் வலது இடுப்புக்குக் கீழே போர்வையை மடித்துச் சொருகியிருக்கிறேன். அதுவும் உதவும்தான், எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் பிறந்திருக்கிறார்கள். ஆனால் போர்வையை எத்தனை டிகிரி என்று அளக்க முடியாது. நடுவில் கூட்டவும் குறைக்கவும் முடியாது.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது, எல்லாம் பள்ளத்தைப் பார்த்துப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேமராவை உள்ளே விட்டதும் திரையில் தெரிவது மஞ்சள் கொழுப்புப் படலமும் குடலும்தான். “தலையை ஏத்துங்க, இடப்பக்கம் சாய்ங்க” என்பார் சர்ஜன். மேசை மெல்ல உறுமிக்கொண்டு சாயும். திரையில் அந்த மஞ்சள் படலம் வழுக்கிக் கீழே இறங்க இறங்க, கல்லீரலின் அடியிலிருந்து நீலப் பச்சை நிறத்தில் பித்தப்பை எட்டிப் பார்க்கும். யாரும் குடலைத் தொடவில்லை, ஒரு கருவிகூடப் படவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவே இல்லை.

அடிவயிற்றில் ஆபரேஷன் என்றால் நேர் எதிர், தலையை இறக்கி இடுப்பை உயர்த்த வேண்டும். ஃப்ரீட்ரிஷ் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் சர்ஜனின் பெயரால் வழங்கும் நிலை இது. அவருடைய மாணவர் வில்லி மேயர் 1885-இல் இதைப் பற்றி எழுதினார், ட்ரெண்டலன்பர்க்கே 1890-இல் எழுதினார். அன்றைக்கு இதற்கு வேண்டியது ஒரு பலசாலி உதவியாளர். நோயாளியின் கால்கள் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் முடியும்வரை அவர் நிற்க வேண்டும். நம் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையிலும், சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கும்போது முழங்கால் உயரப் பலகையில் நோயாளியைக் கிடத்தி, மேலுடம்பை இன்னொருவர் மடியில் சாய்த்து, இடுப்புக்குத் துணி மெத்தை வைக்கச் சொல்லியிருக்கிறது. ஒரு மனிதரின் தோளும் மடியும் செய்த வேலையை இன்று இரும்பும் மோட்டாரும் செய்கின்றன. ட்ரெண்டலன்பர்க்கை நம் ஊர் தியேட்டர்களில் தினமும் கூப்பிடுகிறோம். “சிஸ்டர், ட்ரெண்டலன்பர்க் குடுங்க” என்றால் தலையை இறக்கு என்று அர்த்தம்.

நல்ல மேசையால் டாக்டர்களின் உடம்புக்கும் நன்மை உண்டு. நாலு மணி நேரம் குனிந்து நின்று, கழுத்துத் தேய்ந்துபோன சர்ஜன்களை எனக்குத் தெரியும். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு மேசை முழங்கை மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் கருவிகள் நீளமானவை என்பதால் இன்னும் தாழ வேண்டும். எலும்பு ஆபரேஷன்களில் எக்ஸ்-ரே ஊடுருவும் கார்பன் மேல்பலகை வேண்டும், இல்லையென்றால் எலும்புக்குப் பதில் மேசையின் கம்பிதான் படத்தில் விழும்.

இப்போது பயமுறுத்தும் பக்கத்துக்கு வருகிறேன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு மருத்துவமனையில், தலையை நன்றாக இறக்கி வைத்திருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது, விளக்கு எரிந்தது, மேசை மட்டும் அசையவில்லை. பேட்டரி செத்திருந்தது. தியேட்டரைக் கழுவும்போது பிளக்கைப் பிடுங்கியவர்கள் திரும்பச் சொருகவில்லை. நோயாளியின் முகம் உப்பிக்கொண்டு வருவதைத் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு டெக்னீஷியன் தம்பி தரையில் படுத்து, மேசைக்கு அடியில் கால் பம்ப் இருப்பதைக் கண்டுபிடித்து, மிதித்து மிதித்து நிமிர்த்தினார். அந்தப் பம்ப் அங்கே இருப்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து காலையில் தியேட்டருக்குள் போனதும் மயக்க மெஷினைச் சோதிப்பதற்கு முன்னாலேயே ரிமோட்டை எடுத்து மேசையை ஒரு சுற்று அசைத்துப் பார்த்துவிடுவேன். பக்கத்தில் இருக்கும் மாணவர்களையும் செய்ய வைப்பேன். இங்கே வந்திருக்கும் டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு இன்னொன்று: கால் பலகையை மேலே தூக்குமுன் நோயாளியின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அந்த இடுக்கில் விரல் நசுங்கியிருக்கிறது. மயக்கத்தில் இருப்பவர் கத்த மாட்டார்.

வசதியுள்ளவர்கள் சிலர், “எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன வாங்கித் தரலாம் டாக்டர்?” என்று கேட்பதுண்டு. பளபளக்கும் புது ஸ்கேன் மெஷினைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். நான், “முதலில் தியேட்டரில் மேசை எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்” என்பேன். நல்ல மேசை ஒன்று வந்தால் அந்த ஊரில் இனி நடக்கும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அது உதவும்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். அவருடைய அண்ணனுக்குக் கல்லை எடுக்க, கால்களை உயரத் தூக்கிவைத்து நீண்ட நேரம் ஆபரேஷன் செய்தார்களாம். கல் போய்விட்டது, ஆனால் கொஞ்ச நாள் ஒரு பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடந்தாராம். “அது எதனால் டாக்டர்?”

“பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா. ஆனால் முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஓர் எலும்பு மேடு இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். அதைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தைத் தூக்குவது அதன் வேலை. காலைத் தாங்கும் கம்பி அந்த இடத்தில் அழுத்தினால் இப்படி ஆகலாம். அதனால்தான் நாங்கள் ஜெல் மெத்தை வைக்கிறோம். கையையும் உடம்பிலிருந்து 90 டிகிரிக்கு மேல் விரிப்பதில்லை, இடையிடையே பார்க்கிறோம். உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று வேண்டும். தோளைத் தூக்க முடியவில்லை, கழுத்து திரும்பாது, மூட்டு மாற்றியிருக்கிறார்கள், எதுவாக இருந்தாலும் முதல்நாள் உங்களைப் பார்க்க வரும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முழித்திருக்கும்போதே அந்த நிலையில் உங்களைப் படுக்க வைத்து, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் மயக்கம் கொடுப்போம்.”