தனக்கென ஓர் ஆர்கெஸ்ட்ரா: அன்டோனியா பிரிகோ

அவையோருக்கு வணக்கம்.

வயலின் கற்றவர் ஊர் அடங்கிய பிறகும் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யலாம். பியானோ வாசிப்பவருக்கு ஒரு வருஷம் கச்சேரியே கிடைக்காவிட்டாலும் கை ஓயாமல் பார்த்துக்கொள்ள முடியும். சிம்பொனி நடத்துகிறவருக்கு, அதாவது ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவின் முன்னே நின்று எல்லோரையும் ஒருங்கே வாசிக்க வைக்கும் நடத்துநருக்கு, அந்த வசதி கிடையாது. அவருடைய வாத்தியம் எண்பது, தொண்ணூறு மனிதர்கள். ஹார்ன் எந்த இடத்தில் நுழைய வேண்டும், செல்லோ எங்கே அடங்க வேண்டும் என்று முழு ஸ்கோரும், அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பும், அவருக்கு மனப்பாடமாக இருக்கலாம். எதிரே ஆட்கள் வந்து உட்காராவிட்டால் அத்தனையும் மண்டைக்குள்ளேயே கிடக்கும். அமெரிக்க நடத்துநர் அன்டோனியா பிரிகோ ஏன் தனக்கென ஓர் ஆர்கெஸ்ட்ராவைத் தேடிக்கொண்டே இருந்தார் என்று யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

1902-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். வளர்ப்புப் பெற்றோருடன் சிறுவயதிலேயே கலிபோர்னியாவுக்கு வந்து, அவர்கள் வைத்த பெயரில் வளர்ந்தார். அங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1923-இல் பட்டம். அப்புறம் ஜெர்மனி. ஹாம்பர்க்கில் நடத்துநர் கார்ல் முக்கிடம் கற்றார். பெர்லின் இசைக்கழகத்தில் நடத்துநர் படிப்பை 1929-இல் முடித்தார். அங்கே அந்தப் படிப்பை முடித்த முதல் அமெரிக்கர் அவர்தான். மறு வருஷமே அந்த நாட்டின் தலைசிறந்த ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றான பெர்லின் பிலார்மோனிக்கை நடத்தினார். 27 வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய மேடை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: அதே ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பெண் உறுப்பினராகச் சேர 1982 வரை ஆயிற்று. நடத்திய பெண்ணுக்கும் நாற்காலி பெற்ற பெண்ணுக்கும் நடுவே 52 வருஷம்.

அமெரிக்கா திரும்பினார். பொருளாதார மந்தநிலைக் காலம் அது. நியூயார்க்கில் வேலையிழந்த வாத்தியக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். மெட்ரோபாலிடன் ஓபரா ஹவுஸில் அவர்களை நடத்தப் பிரிகோவை அழைத்தார்கள். நடத்தினார், பேரும் கிடைத்தது. அடுத்த கச்சேரியில் பாட வேண்டிய பாரிடோன் பாடகர் ஜான் சார்ல்ஸ் தாமஸ், ஒரு பெண் நடத்தும் மேடையில் பாடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். சபையின் கண்ணெல்லாம் நடத்தும் பெண்ணின் பக்கம் போய்விடும் என்பது காரணம். கச்சேரி பிரிகோவின் கையை விட்டுப் போயிற்று. இசையில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, அழைப்பு வராவிட்டால் நாமே தொடங்குவோம் என்று 1934-இல் நியூயார்க் பெண்கள் சிம்பொனியை நிறுவினார். பெண் என்றால் ஹார்ப், மிஞ்சினால் வயலின் என்று நினைத்த காலம். டிரம்பெட்டும் டிரம்போனும் ஊத நெஞ்சில் காற்று ஏது, டபுள் பாஸ் பிடிக்க உடம்பில் தெம்பு ஏது என்பார்கள். பிரிகோ அந்த நாற்காலிகளிலும் பெண்களை உட்கார வைத்தார். 1938-இல் லூயிசோன் மைதானத்தில் நியூயார்க் பிலார்மோனிக்கையே நடத்தினார்.

இங்கேதான் அவர் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெண்கள் சிம்பொனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 1939-இல், ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். ஆணும் பெண்ணும் தெருவில், வீட்டில், அலுவலகத்தில் கலந்து இருக்கும்போது ஆர்கெஸ்ட்ராவில் மட்டும் ஏன் பிரிந்து உட்கார வேண்டும் என்பதே அவர் நினைப்பு. அதற்குக் கொடுத்த விலை பெரிது. பெண்கள் மட்டுமே வாசிக்கிறார்கள் என்ற புதுமைக்காகக் காசு கொடுத்தவர்கள் விலகிக்கொண்டார்கள். ஆர்கெஸ்ட்ரா நிலைக்கவில்லை. புதுமைக்குக் கிடைத்த ஆதரவு சமத்துவத்துக்குக் கிடைக்கவில்லை.

1942-இல் டென்வருக்குக் குடிபோனார். அந்த ஊர் சிம்பொனியின் பொறுப்பு தனக்கு வரும் என்று நம்பினார், வரவில்லை. பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியஸின் அழைப்பில் ஹெல்சிங்கியில் நடத்தியதெல்லாம் உண்டு, ஆனால் வருஷத்தின் பெரும்பகுதி டென்வர்தான். 1940-களின் கடைசியில் அங்கே தொடங்கிய ஒரு சமூக ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றார். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வாத்தியத்தோடு வருகிறவர்கள் அவர்கள். பேர் என்ன தெரியுமா? டென்வர் பிசினஸ்மென்ஸ் ஆர்கெஸ்ட்ரா, அதாவது வணிக ஆண்களின் ஆர்கெஸ்ட்ரா. முப்பது வருஷத்துக்கு மேல் அவர்களை நடத்தினார். பிற்பாடு அது பிரிகோ சிம்பொனி என்றே பெயர் பெற்றது. மாதத்துக்கு ஐந்து கச்சேரி செய்யத் தெம்பிருந்தவருக்கு வருஷத்துக்கே நாலைந்துதான் கிடைத்தது.

அவரிடம் பியானோ கற்ற ஜூடி காலின்ஸ் என்ற சிறுமி, 13 வயதில் அந்த ஆர்கெஸ்ட்ராவோடு மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ கான்செர்ட்டோ, அதாவது இரண்டு பியானோக்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, வாசித்தாள். அப்புறம் பியானோவை விட்டு நாட்டுப்பாடல் பக்கம் போனதில் டீச்சருக்கு வருத்தம். புகழ்பெற்ற பாடகியான பிறகு ஜூடியின் கச்சேரிக்குப் போன பிரிகோ, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீ எவ்வளவோ உயரத்துக்குப் போயிருக்கலாமே என்றாராம்.

அந்த மாணவிதான் 1974-இல் இயக்குநர் ஜில் காட்மிலோவுடன் சேர்ந்து டீச்சரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. உடனே கதவுகள் திறந்தன. 1975-இல் நியூயார்க்கின் மோட்சார்ட் விழாவில் பிரிகோ நடத்தினார். டிக்கெட் எல்லாம் விற்றுப்போயிற்று.

இதை நல்ல முடிவு என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுபது வயதுக்கு மேல் பிரமாதமாக நடத்துகிறவர்கள் உண்டு; நாற்பதிலும் ஐம்பதிலும் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களோடு வருஷம் பூராவும் உழைத்து அங்கே வந்தவர்கள் அவர்கள். பிரிகோவின் அந்த வருஷங்களை எந்த ஆவணப்படமும் திருப்பித் தர முடியாது. ஒரு படம் வந்தபின் கிடைத்த மேடை, அதே திறமைக்கு 1950-இல் ஏன் கிடைக்கவில்லை என்று அந்த அரங்குகள் பதில் சொல்லியாக வேண்டும்.

1989-இல் டென்வரில் காலமானார். அவர் வளர்த்த அந்தச் சமூக ஆர்கெஸ்ட்ரா டென்வர் பிலார்மோனிக் என்ற பெயரில் இன்றும் கச்சேரி செய்துகொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.