தியாகராயர் எங்க ஏரியா ஆள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ கிடையாது. கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன். நேற்று ராத்திரி ஒரு ஷார்ட்ஸ் கண்ணில் பட்டது. ஒரு தம்பி பாண்டி பஜாரில் நின்றுகொண்டு, தி.நகர் என்பது தியாகராஜ பாகவதர் பேரில் வந்தது என்று அடித்துவிடுகிறான். கீழே ஆயிரக்கணக்கில் லைக். தம்பி, பாகவதர் பிறந்ததே 1910-இல். மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு தி.நகர் உருவானது 1920-களில். ஒரு விடலைப் பையன் பேரை யாராவது ஊருக்கு வைப்பார்களா?

அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் பிட்டி தியாகராயர். எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், மனிதர் எங்கள் வடசென்னைக்காரர்! சென்ட்ரலைத் தாண்டித் தெற்கே போனால் எனக்கு ஜுரம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே நகைக்கடைக் கூட்டத்துக்கு நடுவில் அவர் பேரை மாட்டிவிட்டு, இங்கே பழைய வண்ணாரப்பேட்டையை மறந்துவிட்டார்கள். நல்லவேளை, மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்கு அடுத்து 'தியாகராயா கல்லூரி' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அந்த அறிவிப்பு வரும்போது காதுக்கு இனிக்கும்.

அதற்காகத்தான் இன்று காலையில் அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கியவன் சும்மா வருவேனா? எம்.சி. ரோட்டில் நுழைந்தேன். அப்பாவுக்கு ஒரு கட்டம் போட்ட லுங்கி. கடைக்காரர் 380 சொன்னார். நான் 200 என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போன தீபாவளி வீடியோவில் இன்னொரு கடையில் திட்டு வாங்கினேனே, அதே பார்வை. பையை எடுத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளி நடந்தேன். "தம்பி, வாப்பா" என்று குரல் வந்தது. 260-க்கு முடிந்தது. இதே கட்டம், இதே நூல், தி.நகரில் 450 என்று சீட்டு ஒட்டித் தொங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 190 ரூபாய் மிச்சம் மக்களே. இதோ பாருங்கள், கரை எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது. சாயம் போகுமா என்று துவைத்த பிறகு சொல்கிறேன்.

லுங்கிக் கதை சும்மா இல்லை. தியாகராயர் நெசவுக் குடும்பம். சொந்தமாகத் தறிக்கூடம் வைத்திருந்தார். நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டையை, கையால் தள்ளித் தள்ளி நெய்த காலத்தில், கயிற்றை இழுத்தால் நாடா தானாகப் பறந்து ஓடும் தறியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தவர். எப்போதும் வெள்ளை உடைதான். வெள்ளுடை வேந்தர் என்றே பேர்.

சரி, அவர் என்னதான் செய்தார்? 1882-இல் சென்னை மாநகராட்சிக்குள் உறுப்பினராகப் போனவர், ஏறக்குறைய நாற்பது வருடம் அங்கேயே இருந்தார். சாக்கடை, தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று ஓடும் கூட்டங்களில் நாற்பது வருடம்! எனக்கு எங்கள் அபார்ட்மெண்ட் மீட்டிங்கில் நாற்பது நிமிஷம் உட்கார முடியாது.

ஆங், விட்டுவிட்டேன். 1920-இல் அவர் மாநகராட்சித் தலைவர் ஆனார். அரசு அதிகாரியாக இல்லாத ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுதான் முதல் முறை. அவர் தலைவராக இருந்தபோதுதான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். வயிறு காய்ந்த பிள்ளை பள்ளிக்கு வராது, அவ்வளவுதான் கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்புறம் வேறு சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்ல, நடுவில் நின்றும் போனது. காமராஜர் மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவு, இப்போதைய காலை உணவு என்று எல்லோரும் வரிசையாகச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியது ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஓர் அணா.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது வேறு. டி.எம். நாயர், நடேசனார் இவர்களோடு 1916-இல் அவர் தொடங்கிய கட்சி, அதாவது நீதிக்கட்சி, 1920 தேர்தலில் ஜெயித்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு இவரைத்தான் முதலமைச்சர் ஆகக் கூப்பிட்டார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் பதவிக்கு வந்தார். வார்டு கவுன்சிலர் சீட்டுக்கே என்னென்ன நடக்கிறது என்று என் தெருவிலேயே பார்க்கிறேன், அதனால் இதை இரண்டு முறை படித்தேன்.

இன்னொன்று, தி.நகரை ரொம்பவும் திட்டிவிட்டேன், ஒரு விஷயத்தில் மட்டும் மன்னிக்கிறேன். பனகல் பார்க், உஸ்மான் ரோடு, நடேசன் பார்க், டாக்டர் நாயர் ரோடு எல்லாமே நீதிக்கட்சி ஆட்களின் பேர்கள். தலைவர் 1925 ஏப்ரலில் காலமானார், ஊருக்கு அவர் பேர், கூட்டாளிகள் சுற்றிலும் தெருவாகவும் பூங்காவாகவும் இருக்கிறார்கள். அடுத்த முறை உஸ்மான் ரோட்டில் நெரிசலில் மாட்டினால் இதை யோசியுங்கள், எரிச்சல் கொஞ்சம் குறையும். எனக்குக் குறையாது.

ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, அது தனி வீடியோ. தியாகராயா பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், உங்களைத் தேடித்தான் அடுத்த வாரம் வண்ணாரப்பேட்டைக்கு வருகிறேன். லுங்கி விலையையும் எழுதுங்கள். 260-க்குக் குறைவாக வாங்கியவர்கள் மட்டும் எழுத வேண்டாம்.