பாயிண்ட் 22 ஏர் ரைஃபிளில் நம்பகமானது எது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே படித்துவிடுகிறேன். அதில் வரும் பாயிண்ட் 177, 22, 25 எல்லாம் குழல் துளையின் விட்டம், அங்குலக் கணக்கில். "அண்ணா, மூன்று வருடமாகப் பாயிண்ட் 177 ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். இப்போது பாயிண்ட் 22 அல்லது பாயிண்ட் 25 வாங்கலாம் என்று இருக்கிறேன். முப்பது, நாற்பது மீட்டரில் இலக்கு வைத்துச் சுட வேண்டும். பத்து வருடமாவது உழைக்க வேண்டும். எது நம்பகமானது? தோப்பில் மயில், அணில் தொல்லையும் இருக்கிறது."

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தம்பி, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மயில் நம் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர் கன்னால் சுட்டாலும் வேட்டைதான், கவணால் அடித்தாலும் வேட்டைதான். அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கண்ணியும் வலையும்கூட அடங்கும். காகம், எலியெல்லாம் தீங்குயிர்ப் பட்டியலில் இருக்கிறது, அவற்றுக்குச் சட்டம் கிடையாது என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். அந்தத் தீங்குயிர்ப் பட்டியலையே 2022ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். ஏர் ரைஃபிளின் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, மயில் மாதிரி பெரிய பறவையை உடனே கொல்லாது. இறக்கையில் பெல்லட்டோடு வேலியோரம் மூன்று நாள் கிடந்த ஒரு மயிலை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: வேண்டாம். அணிலுக்கும் எலிக்கும் தென்னை மரத்தைச் சுற்றித் தகரம் கட்டுங்கள். பக்கத்து மரத்து மட்டை உரசாமல் பார்த்துக்கொண்டால் அது நன்றாகவே வேலை செய்கிறது. மயிலுக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

சரி, இனி இலக்குச் சுடுதலுக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பாயிண்ட் 22 என்றதுமே உரிமம் வந்துவிடுகிறது. நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் பாயிண்ட் 177, அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், பெல்லட் குழலின் வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால்தான் உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். பாயிண்ட் 22 என்பது 5.5 மில்லிமீட்டர். ஆக, அது எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் உரிமத்துக்குள் வந்துவிடும். மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகம், சென்னை, கோவை மாதிரி நகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம் என்று விண்ணப்பம் போகும். போலீஸ் விசாரணை உண்டு, மாதக்கணக்கில் ஆகலாம். "பில்லில் பாயிண்ட் 177 என்று போட்டுத் தருகிறோம், பேரலை அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். மாட்டினால் ஆயுதச் சட்ட வழக்கு உங்கள் பெயரிலும் வரும்.

அடுத்து, பெரிய துளை உங்களுக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய துளை என்றால் அதிக சக்தி என்று நினைக்கிறோம். சக்தியைத் தருவது துளை கிடையாது, பின்னால் தள்ளும் காற்று. ஒரே 16 ஜூல் ஆற்றலில் இரண்டு துப்பாக்கிகளை வைத்துக்கொள்வோம். பாயிண்ட் 177இல் அரை கிராமுக்குச் சற்று மேலான பெல்லட் நொடிக்கு 244 மீட்டர் வேகத்தில் போகும். பாயிண்ட் 22இல் ஒரு கிராம் பெல்லட் 178 மீட்டரில்தான் போகும். காற்றின் தடையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டாலே, 30 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் முதலாவது ஏழரை சென்டிமீட்டர் கீழே இறங்கும், இரண்டாவது 14 சென்டிமீட்டர் இறங்கும். தூரத்தை ஐந்து மீட்டர் தப்பாகக் கணித்தால் பாயிண்ட் 22இல் குறி தவறுவது அதிகம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்னவென்றால், கனமான பெல்லட் காற்றுக்கு அவ்வளவாக ஒதுங்காது, தகர இலக்கில் பட்டால் நன்றாக ஆட்டிவைக்கும், விரலுக்கும் பிடிக்கச் சுலபம்.

பாயிண்ட் 25 பெல்லட் இன்னும் கனம், சுமார் 1.6 கிராம். அதை 20 ஜூலில் தள்ளினால் நொடிக்கு 158 மீட்டர்தான். கல்லெறிகிற மாதிரி வளைந்து போகும். பாயிண்ட் 25க்கு 40 ஜூலுக்கு மேல் தருகிற பி.சி.பி. துப்பாக்கி, அதாவது காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கிற வகை, இருந்தால்தான் அர்த்தம். ஸ்ப்ரிங் துப்பாக்கியில் பாயிண்ட் 25 வாங்காதீர்கள். நீங்கள் சொல்கிற நாற்பது மீட்டருக்குப் பாயிண்ட் 22 போதும், தாராளமாகப் போதும். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் அதுவும் வேண்டாம். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் முழுக்கப் பாயிண்ட் 177தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதில்தான். அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். அதை அடிக்கப் பெரிய துளை தேவைப்படவில்லை.

இப்போது நம்பகத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் வாங்கிய இரண்டாவது ரைஃபிள், பெட்டியில் "1200 எஃப்.பி.எஸ்.", அதாவது நொடிக்கு 1200 அடி வேகம் என்று போட்டிருந்த ஒரு பெரிய ஸ்ப்ரிங் துப்பாக்கி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து 20 மீட்டரில் பத்துக் குண்டு சுட்டேன். பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. என் கைதான் சரியில்லை என்று இரண்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். கட்டையைப் பிடிக்கிற திருகு ஒவ்வொரு ஐம்பது ஷாட்டுக்கும் தளர்ந்தது. மேலே மாட்டிய ஸ்கோப்பின் குறுக்குக் கோடு ஒருநாள் உள்ளேயே அறுந்து தொங்கியது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பெட்டியில் போடுகிற வேகம், மிக லேசான அலாய் பெல்லட்டை வைத்து எடுத்த எண். அந்த வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டும். இடுப்பு ஒடுங்கிய பெல்லட் ஒலி வேகத்துக்குப் பக்கத்தில் போனால் தள்ளாடும். போதாததற்கு, பெரிய ஸ்ப்ரிங் முன்னால் பாய்ந்து நிற்கும்போது துப்பாக்கியே பின்னும் முன்னும் இரண்டு முறை உதைக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் பின்னுதைப்பைத்தான் தாங்கும், இந்த முன்னுதைப்பைத் தாங்காது.

அதனால் தம்பி, முதலில் எப்படிப்பட்ட இயக்கம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். உங்களுக்கு முன்னால் உண்மையில் இரண்டே வழிதான்.

ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். கையால் இழுத்தால் போதும், சுடலாம். உள்ளே ஒரு ஸ்ப்ரிங், ஒரு பிஸ்டன், ஒரு சீல். கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. கேஸ் ராம் என்பதும் இதே குடும்பம்தான், ஸ்ப்ரிங் இருக்கும் இடத்தில் அடைத்த வாயு இருக்கும். பத்து வருடம் உழைக்க வேண்டும் என்றால் நான் பேரலை மடக்குகிற வகையைவிட, பேரல் அசையாமல் அடியில் லீவர் இருக்கிற வகையைத்தான் சொல்வேன். மடக்குகிற வகையில் அந்தக் கீல் ஒரு மயிரிழை தளர்ந்தால் குறி மாறிவிடும். அடிலீவரில் அந்தக் கவலை இல்லை. ஜெர்மனியின் வைராக் எச்.டபிள்யூ. 97, இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200 இரண்டும் இந்த வகை. வைராக் 1899இல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய ரெகார்ட் ட்ரிகரை ஒருமுறை விரலில் உணர்ந்தால் வேறு ட்ரிகர் கனமாகத் தெரியும்.

பி.சி.பி. என்பது காற்றை முன்கூட்டியே உருளையில் அடைத்து வைப்பது. சுமார் 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, அதனால் துல்லியமாகச் சுடுவது சுலபம். ஆனால் அது ஒரு குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரும்: கைப்பம்பு அல்லது கம்ப்ரஸர், ஈரம் உறிஞ்சும் ஃபில்டர், ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம், சிலிக்கான் கிரீஸ். ஈரக் காற்றை அப்படியே அடைத்தால் உருளைக்குள் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நிரப்பிய பி.சி.பி.யை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் நாட்டிலேயே ப்ரெசிஹோல் கம்பெனி ஸ்ப்ரிங், பி.சி.பி. இரண்டும் செய்கிறது. உள்ளூர் கம்பெனி என்றால் சீலும் ஸ்ப்ரிங்கும் கப்பலுக்குக் காத்திருக்காமல் கிடைக்கும். அதை லேசாக எண்ணாதீர்கள். பத்து வருடம் உழைக்கிற துப்பாக்கி என்பது பத்து வருடமும் உதிரி பாகம் கிடைக்கிற துப்பாக்கிதான்.

கடையில் என்ன பார்ப்பது? பேரலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள், வரிகள் சுத்தமாகச் சுழல வேண்டும், கீறல், புள்ளித் துரு இருக்கக் கூடாது. வாய்ப்பகுதி விளிம்பில் நசுங்கல் இருந்தால் அந்தத் துப்பாக்கியே வேண்டாம். அப்புறம் க்ரோனோகிராஃப் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி அது. ஒரே பெல்லட்டில் பத்து ஷாட். அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் இடையில் நொடிக்கு நான்கைந்து மீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் நல்ல துப்பாக்கி. சராசரி வேகம் எவ்வளவு என்பதைவிட இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியம். நாற்பது மீட்டரில் மேலும் கீழுமாகச் சிதறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பி.சி.பி.யாக இருந்தால் நிரப்பி, அழுத்தக் காட்டியின் எண்ணை எழுதி வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள். சற்று வெப்ப வித்தியாசம் போக, முள் அப்படியே நிற்க வேண்டும். ஒரு நாள் காத்திருக்க மாட்டேன் என்கிற கடைக்காரரிடம் பி.சி.பி. வாங்காதீர்கள்.

பெல்லட்டை மட்டும் ஒரு டப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். பாயிண்ட் 22 என்று ஒரே பெயர்தான், ஆனால் தலை அளவு 5.50, 5.51, 5.52 என்று மாறும். எடையும் 14 கிரெயின், 16 கிரெயின், 18 கிரெயின் என்று மாறும், பதினைந்து கிரெயின் என்றால் சுமார் ஒரு கிராம். ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று பிடிக்கும். நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் இருபதைப் பேரல் பழகுவதற்காகச் சுட்டுத் தள்ளிவிட்டு, பிறகு ஐந்து ஐந்தாகக் குரூப்பிங் எடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்துக்குள் 25 மீட்டரில் ஐந்தும் விழுந்தால், அந்தப் பெல்லட்டையே பெட்டியாக வாங்கிவிடுங்கள்.

ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு இரண்டு எச்சரிக்கை. பெல்லட் இல்லாமல் காலியாகச் சுடாதீர்கள், தாங்குவதற்குக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் மாதிரி எதையும் காற்று அறைக்குள் விடாதீர்கள். அழுத்தத்தில் அது டீசல் என்ஜின் மாதிரி வெடித்து சீலைக் கிழித்துவிடும். புதுத் துப்பாக்கியில் முதல் சில ஷாட்டில் புகை வந்தால் பயப்பட வேண்டாம், தொழிற்சாலை எண்ணெய் எரிகிறது, நின்றுவிடும்.

தோப்பில் சுடும்போது இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டையோ மண் மேடோ இருக்க வேண்டும். தென்னை மரம் பின்தடுப்பு ஆகாது, வட்டமான தண்டில் பட்டுத் தெறிக்கும். பெல்லட் ஈயம். சுட்ட பிறகு கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், குழந்தைகளை டப்பாவைத் தொட விடாதீர்கள், மணலைச் சலித்து ஈயத்தை எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: அடிலீவர் ஸ்ப்ரிங், பாயிண்ட் 22, 15இலிருந்து 20 ஜூலுக்குள். இன்றைக்கு விண்ணப்பம் போடுங்கள். உரிமம் வருகிற வரை கையில் இருக்கும் பாயிண்ட் 177ஐ வைத்து 25 மீட்டரில் தினமும் இருபது ஷாட் சுட்டு, ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய ரைஃபிள் வந்ததும் அதே தூரத்தில், அதே மாதிரித் தாளில் சுட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, அடுத்த பகுதியில் அதைப் பார்த்தே பேசலாம்.