களிமண்ணில் சுண்ணாம்பையும் சிமெண்டையும் ஒரே நாளில் கலக்கலாமா?

மண்ணை உறுதிப்படுத்திச் சாலை அமைப்பது பற்றிய சென்ற காணொளியைப் பார்த்த ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பணியிடத்தில் இருப்பது கையில் ஒட்டும் களிமண். முதலில் சுண்ணாம்பு கலந்து சில நாள் விட்டு, அதன் பிறகு சிமெண்டு கலக்க வேண்டும் என்று வடிவமைப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கலந்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே, அது ஏன் கூடாது? அல்லது சுண்ணாம்பையே கூடுதலாகப் போட்டுச் சிமெண்டை விட்டுவிடலாமா?"

நல்ல கேள்வி. சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணுக்குள் செய்யும் வேலை ஒன்றல்ல என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது.

களிமண் துகள்கள் மிக நுண்ணிய தட்டுகளைப் போன்றவை. அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், சோடியம் போன்ற அயனிகளையும் அவற்றோடு ஒரு தடித்த நீர்ப்படலத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மண் வழுக்குவதற்கும் ஒட்டுவதற்கும் ஈரத்தில் உப்புவதற்கும் அந்தப் படலமே காரணம். சுண்ணாம்பு கலந்ததும் கால்சியம் அயனிகள் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன, நீர்ப்படலம் மெலிகிறது, தட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மணிமணியாகத் திரள்கின்றன. இதற்குப் பல வாரங்கள் தேவையில்லை. சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். கலப்பதற்கு முன் ஒரு பிடி மண்ணை உருட்டினால் உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும். சுண்ணாம்பு கலந்த மறுநாள் அதே மண்ணைப் பிடித்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்காமல் பொலபொலவென்று உதிரும், கையும் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும்.

அதன் பிறகு நடப்பது மெதுவான வேலை. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 12.4 வரை உயர்த்தும்போது, களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து கால்சியத்தோடு சேர்ந்து, சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பிணைப்புப் பொருள்களாக மாறுகின்றன. இது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தொடரும். களிமண் இல்லாத மணலில் சுண்ணாம்பைக் கொட்டிப் பெரிய பயன் கிடைக்காது; அங்கே அது வினைபுரிவதற்கு ஆள் இல்லை.

சிமெண்டோ பிணைப்புக்குத் தேவையான சிலிக்காவைத் தன்னிடமே வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டால் போதும், தானே இறுகிவிடும். அது இறுகும்போது ஓரளவு சுண்ணாம்பும் வெளிப்படுவதால், "அப்படியானால் களிமண்ணுக்கும் சிமெண்டே போதுமே" என்று சிலர் வாதிடுவதுண்டு. வேதியியல்படி அதில் உண்மை இருக்கிறது. களத்தில் இடறுவது கட்டிகள்தான். ஒட்டும் களிமண்ணை எந்த இயந்திரத்தால் கிளறினாலும் அது கட்டி கட்டியாகவே நிற்கும், சிமெண்டு கட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் பூசிக்கொள்ளும். அவ்வாறு கலந்து உருட்டிய ஓர் அடுக்கை ஒருமுறை தோண்டிப் பார்த்தேன். முட்டையளவுக் கட்டி ஒன்றை உடைத்தபோது, மேலே சாம்பல் நிறத்தில் ஓடு போல இறுகியிருந்தது. உள்ளே பேனாக் கத்தி தடையின்றி இறங்கும் பச்சைக் களிமண். சிமெண்டு அளவில் குறையவில்லை, சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். சிமெண்டு கலந்து தண்ணீர் சேர்த்த பிறகு, பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி இறுக்கி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் அப்போதுதான் உருவாகும் பிணைப்புகளை ரோலரே உடைத்துவிடும். சுண்ணாம்புக்கு நேர்மாறாக ஊற வேண்டும். மண்ணைப் பொறுத்து ஒரு நாள் முதல் சில நாள் வரை ஆகும். ஒன்று காத்திருக்கச் சொல்கிறது, மற்றொன்று அவசரப்படுத்துகிறது. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் சுண்ணாம்பு மண்ணைப் பொடியாக்குவதற்குள் சிமெண்டின் நேரம் தீர்ந்துவிடும். ஆகவே சுண்ணாம்பு கலந்து, மழைநீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் உள்ளே புகாதபடி மேலோட்டமாக ஒருமுறை உருட்டி மூடி ஊறவிடுங்கள். பிறகு மீண்டும் கிளறி, கற்களை நீக்கிப் பார்க்கும்போது குறைந்தது 60 விழுக்காடு மண் 4.75 மி.மீ. சல்லடையில் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சிமெண்டைப் பரப்பலாம். களித்தன்மை மிதமாக உள்ள மண்ணில், நல்ல கலவை இயந்திரமும் இருந்தால், சிமெண்டை மட்டும் வைத்தே வேலையை முடித்துவிட முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மண் அந்த வகையாகத் தெரியவில்லை.

சுண்ணாம்பைக் கூட்டிப் போடுவது பற்றிய இரண்டாவது கேள்விக்கு ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கும். 25 கிராம் சலித்த மண்ணைப் பல குப்பிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விழுக்காடு சுண்ணாம்பும் 100 மி.லி. தூய நீரும் சேர்த்து, அவ்வப்போது குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பிஎச் பார்க்க வேண்டும். எந்தக் குப்பி மிகக் குறைந்த சுண்ணாம்பில் 12.4 காட்டுகிறதோ, அங்கிருந்து வலிமைச் சோதனைகளைத் தொடங்கலாம். அந்தச் சோதனைகளில் வடிவமைப்பு கேட்கும் வலிமை சுண்ணாம்பிலேயே கிடைத்தால் சிமெண்டை விடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மண்ணால் பயன்படுத்த முடியாத சுண்ணாம்பு வலிமை எதையும் சேர்க்காமல் சும்மா கிடக்கும். சில மண்களில் வலிமை குறைவதும் உண்டு.

இன்னொன்று, பலர் சண்டையிட்டுக்கொள்ளும் விஷயம். சுண்ணாம்பு கலந்த மண்ணின் உச்ச உலர் அடர்த்தி, அதாவது ஈரத்தின் எடையைக் கழித்துவிட்டு, இறுக்கி எட்டக்கூடிய அதிகபட்ச அடர்த்தி, குறையும், அதற்கு வேண்டிய ஈரப்பதம் கூடும். சுண்ணாம்பு கலக்காத பச்சை மண்ணின் அடர்த்தியை வைத்துக்கொண்டு "இறுக்கம் போதவில்லை" என்று ரோலரை ஓட்டிக்கொண்டே இருப்பது வீண். இந்த அடர்த்தியையும் ஈரப்பதத்தையும் கண்டறியும் ப்ராக்டர் சோதனையைக் கலந்து ஊறிய மண்ணுக்கே தனியாகச் செய்ய வேண்டும். சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு 56 கிலோவும் நீறுவதற்கு மட்டுமே 18 கிலோ தண்ணீரைக் குடித்துவிடும், வெப்பமும் கிளம்பும். சேறாகக் கிடக்கும் இடத்தில் இது வரம், காய்ந்த இடத்தில் தண்ணீர் லாரியைக் கூடுதலாக ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், எனவே கண்காப்புக் கண்ணாடி இல்லாதவரை அருகில் விடாதீர்கள்.

நேயர் கேட்காத ஒன்றையும் நான் கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் மண்ணில் சல்பேட் எவ்வளவு? ஜிப்சம் என்ற சல்பேட் கனிமம் கலந்த களிமண்ணில் கால்சியமும் தண்ணீரும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து, முடிந்த சாலையையே மேடு மேடாகத் தூக்கிவிடும். சல்பேட் எதிர்ப்புச் சிமெண்டு வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிமெண்டில் குறைக்கப்பட்ட அலுமினா களிமண்ணிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. மண்ணின் எடையில் சல்பேட் 0.3 விழுக்காட்டைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உங்கள் மண் அறிக்கையில் அந்த எண் இல்லையென்றால், முதல் லோடு சுண்ணாம்பு வந்து இறங்குவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.