லாம்டா ஒரே செய்தியை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறது?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஆர்டர் வந்ததும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப, எஸ்கியூஎஸ் கியூவோடு ஒரு லாம்டா ஃபங்ஷனை இணைத்து டெப்ளாய் செய்தேன். வேலை செய்கிறது. ஆனால் சிலருக்கு ஒரே எஸ்எம்எஸ் மூன்று, நான்கு தடவை போகிறது. கோடில் லூப் தப்பாக எதுவும் இல்லை. என்ன காரணம்?"

நல்ல கேள்வி. எஸ்கியூஎஸ் என்பது செய்திகளை வரிசையில் (கியூ) வைத்திருக்கும் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் சேவை. லாம்டா, அந்தச் செய்திகளை எடுத்து உங்கள் கோடை ஓட்டும் சேவை. முதலில் பேட்ச்சை, அதாவது சேர்த்து எடுக்கும் செய்திக் கட்டை, பாருங்கள். நீங்கள் மாற்றாதவரை, ஒரு தடவைக்கு 10 செய்திகள் வரை சேர்த்துத்தான் லாம்டா உங்கள் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும். ஃபங்ஷன் பிழையில்லாமல் முடிந்தால் பத்தையும் லாம்டாவே கியூவிலிருந்து அழித்துவிடும். அதற்கு நீங்கள் கோட் எழுத வேண்டாம். ஆனால் ஏழாவது செய்தியில் போன் நம்பர் தப்பாக இருந்து எக்ஸெப்ஷன் வந்தால்? பத்துமே தோல்வி என்றுதான் கணக்கு. ஏற்கெனவே எஸ்எம்எஸ் போன ஆறு பேருடைய செய்தியும் சேர்ந்து மறுபடி வரும். அந்த ஏழாவது சரியாகாதவரை இதே கதைதான்.

சிலர் ட்ரை-கேட்ச் போட்டுப் பிழையை விழுங்கிவிடுவார்கள். இரட்டை எஸ்எம்எஸ் நிற்கும், சரி. ஆனால் ஏழாவது செய்தியும் வெற்றி என்று அழிந்துபோகும், அந்த ஆள் யாரென்றே தெரியாது. இதை நான் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

முறையான வழி, இணைப்பின் அமைப்பில் 'ரிப்போர்ட் பேட்ச் ஐட்டம் ஃபெயிலியர்ஸ்' என்பதை ஆன் செய்வது. ட்ரை-கேட்ச்சை ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாக வையுங்கள். தோற்றவற்றின் மெசேஜ் ஐடியை மட்டும் ஒரு பட்டியலாகத் திருப்பி அனுப்புங்கள். மற்றவை அழியும், தோற்றவை மட்டும் திரும்ப வரும். கோடில் எழுதிவிட்டு அமைப்பில் ஆன் செய்ய மறப்பவர்கள் நிறைய. அப்போது நீங்கள் அனுப்பும் பட்டியலை லாம்டா கண்டுகொள்ளாது, எல்லாம் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் டைம்அவுட், அதாவது ஃபங்ஷன் ஓட அனுமதிக்கும் அதிகபட்ச நேரம். லாம்டாவின் இயல்பான டைம்அவுட் 3 விநாடி. பத்து எஸ்எம்எஸ்ஸுக்கு அது போதாமல் பாதியில் நின்றாலும் பேட்ச் முழுதும் தோல்விதான். அதைக் கூட்டும்போது கியூவின் விசிபிலிட்டி டைம்அவுட்டையும் (எடுத்த செய்தியை மறுபடி தராமல் கியூ மறைத்து வைக்கும் நேரம்) கூட்ட வேண்டும். ஃபங்ஷன் டைம்அவுட்டைப்போல் குறைந்தது 6 மடங்கு வையுங்கள் என்பது ஏடபிள்யூஎஸ் தரும் ஆலோசனை. 30 விநாடி என்றால் அங்கே 180.

இவ்வளவும் செய்தாலும் ஸ்டாண்டர்ட் கியூ என்ற சாதாரண வகை கியூவில் ஒரே செய்தி எப்போதாவது இரண்டு தடவை வரத்தான் செய்யும். குறைந்தது ஒரு தடவை என்பதுதான் அது தரும் உத்தரவாதம். அதனால் ஆர்டர் நம்பரை டைனமோடிபி என்ற ஏடபிள்யூஎஸ் டேட்டாபேஸில் பதிந்து, ஏற்கெனவே இருந்தால் அனுப்பாமல் விடுங்கள். மெசேஜ் ஐடியை நம்பாதீர்கள். உங்கள் ஆர்டர் சர்வீஸே இரண்டு தடவை போட்டால் ஐடி வேறு வேறாக இருக்கும். எஸ்எம்எஸ் போவதற்கு முன்பே 'முடிந்தது' என்று பதிந்துவிடாதீர்கள், அனுப்புவது தோற்றால் அந்த ஆளுக்குப் போகவே போகாது. 'நடக்கிறது', 'முடிந்தது' என்று இரண்டு நிலை வைத்துக்கொள்ளுங்கள். 'நடக்கிறது' என்பதற்கு ஒரு காலக்கெடுவும் வேண்டும், இல்லையென்றால் பாதியில் நின்றது அப்படியே கிடக்கும்.

போன் நம்பரே தப்பான செய்தியை எத்தனை தடவை எடுத்தாலும் அது தேறாது. அதற்கு டெட் லெட்டர் கியூ, அதாவது திரும்பத் திரும்பத் தோற்ற செய்திகளை ஒதுக்கி வைக்கும் தனி கியூ. அதை லாம்டாவில் அல்ல, எஸ்கியூஎஸ் கியூவில் இணைக்க வேண்டும். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். எத்தனை தடவை எடுத்த பிறகு செய்தியை ஒதுக்குவது என்று சொல்லும் மேக்ஸ் ரிசீவ் கவுண்ட்டை 5 வையுங்கள். டெட் லெட்டர் கியூவில் செய்தியை வைத்திருக்கும் காலத்தை 14 நாளாக மாற்றிவிடுங்கள். இயல்பாக 4 நாள்தான், அதுவும் ஸ்டாண்டர்ட் கியூவில் செய்தி முதன்முதலில் வந்த நேரத்திலிருந்தே எண்ணப்படும். வெள்ளிக்கிழமை விழுந்ததை அடுத்த வாரம் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று இருந்தால், அங்கே ஒன்றும் இருக்காது.