லிம்போமாவுக்குப் பின் தடுமாறும் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துத் தேறிவந்த ஒருவருக்கு, சில மாதங்கள் கழித்துக் கால்கள் தரையில் இழுபட்டு, ஒரு கை மட்டும் விறைக்கத் தொடங்கினால், வீட்டில் உள்ளவர்கள் அதை மருந்தின் களைப்பு என்றோ வயதின் தளர்ச்சி என்றோ எண்ணிவிடுவது இயல்பே. அந்த எண்ணத்திலேயே வாரங்கள் கழிந்துவிடுகின்றனவே என்பதுதான் என் கவலை.

அசைவைத் தொடங்கவும் அளவோடு நிறுத்தவும் உதவும் நரம்பணுத் திரள்கள் மூளையின் ஆழத்தில் இருக்கின்றன. பேசல் கேங்லியா என்பது அவற்றின் பெயர். லிம்போமா அங்கே பரவினால் பார்க்கின்சன் நோயைப் போன்ற மந்தமும் விறைப்பும் தோன்றலாம். சிலருக்கு நேர்மாறாக, கை அவர்களை அறியாமலேயே துள்ளும், வீசும். இப்படி நேர்வது அரிது. ஆனால் பார்க்கின்சன் நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. இதுவோ பெரும்பாலும் வாரக்கணக்கில் முற்றும், மறதியும் குணமாற்றமும் கூடவே வரக்கூடும். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையும் இவர்களில் பலருக்குப் போதிய பயன் தருவதில்லை.

எல்லா விறைப்பும் தடுமாற்றமும் நோய் பரவியதன் அடையாளமாகிவிடாது. குமட்டலுக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, அசைவைச் சீராக்கும் மூளை வேதிப்பொருளான டோபமினின் வேலையைத் தடுத்து இதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடும். எனவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐயம் நீடித்தால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ., தண்டுவட நீர்ப் பரிசோதனை, தேவையானால் மூளையிலிருந்து ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஆகியவை நடக்கும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா அணுக்கள் விரைவாக மடிவதால், கட்டி படத்தில் சுருங்கிவிடும், நோயாளியும் நன்றாகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் அதன்பின் எடுக்கும் திசுவில் விடை கிடைக்காமல் போகலாம், நோயோ திரும்பி வந்துவிடும். மூளை வீக்கம் உயிருக்கு ஆபத்தாக இல்லாதபோது, பயாப்சி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பதையே நரம்பியல் மருத்துவர்கள் விரும்புவார்கள்.

வழக்கமான லிம்போமா மருந்துகள் பல, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைப் போதிய அளவு கடப்பதில்லை. அதனால்தான் அதைக் கடக்கும்படி மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை மிக உயர்ந்த அளவில், மருத்துவமனையில் தங்கவைத்து, சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி செலுத்துகிறார்கள். மருந்துக்கு நோய் கட்டுப்பட்டால், விறைத்த கை மீண்டும் இளகுவதும் உண்டு.