ஆறு மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் ஒரு சொட்டு ஜெல்

[திரையில்: பல் மருத்துவர் மெல்லிய அளவுகம்பியை ஈறு ஓரமாக நுழைக்கிறார். உதவியாளர் அட்டையில் குறிக்கிறார்.]

"மூணு… ரெண்டு… மூணு… ஆறு."

பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது இந்த எண்கள் காதில் விழுந்திருக்கலாம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு ஆழம் என்கிற மில்லிமீட்டர் கணக்கு அது. மூன்று வரை கவலையில்லை. ஆறு என்றால், ஈறு பல்லை விட்டு விலகி அங்கே ஒரு பை உண்டாகிவிட்டது. உள்ளே கிருமிகள் குடியேறும். பிரஷ் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. வாய் கொப்பளிக்கும் மருந்தும் வாசலோடு நின்றுவிடும்.

சரி, மாத்திரை? ரத்தம் வழியாக அங்கே போய்ச் சேரும்தான். ஆனால் இரண்டு பல்லுக்காக உடம்பு முழுக்க மருந்தைச் சுற்றவிட வேண்டும். வயிறும் சேர்ந்து அவதிப்படும். அதற்கு மருந்தை நேராகப் பைக்குள்ளேயே விட்டுவிடலாமே?

[வரைபடம்: பல் வேர், பக்கத்தில் பை. ஈறிலிருந்து திரவம் ஊறி மேலே வழிகிறது.]

விடலாம், நிற்காது. ஈறிலிருந்து ஒரு திரவம் ஓயாமல் ஊறி வழிந்துகொண்டே இருக்கிறது. 5 மில்லிமீட்டர் பையில் அது மணிக்குச் சுமார் 40 தடவை முழுசாக மாறுகிறது. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ஓடுகிற வாய்க்காலில் மஞ்சள் கரைத்த மாதிரிதான். கிருமியைக் கொல்ல மருந்துக்குப் பஞ்சமில்லை. அதை அங்கே உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

1979-இல் அமெரிக்கப் பல் ஆராய்ச்சியாளர் மேக்ஸ் குட்சன் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து நிரப்பிய நுண்குழல் இழையைப் பையில் திணித்துப் பார்த்தார். அந்த வழியில் வந்த இழைகளில் ஒரு தொல்லை: வைத்ததைத் திரும்ப எடுக்க வேண்டும். ஜெல்லில் அந்த வேலை இல்லை.

[திரையில்: மழுங்கிய முனையுள்ள ஊசி. எண்ணெய்ப் பசை போன்ற ஜெல்.]

டென்மார்க்கில் உருவான எலைசால் என்ற ஜெல்லில் 25 சதவீதம் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி. அதைச் சுமப்பது கிளிசரைல் மோனோஒலியேட் என்ற கொழுப்பும், கூடவே நம் நல்லெண்ணெயும்! உடனே ஆயில் புல்லிங் ஞாபகம் வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எண்ணெய் இங்கே வெறும் வண்டி. இந்தக் கலவை உடல் சூட்டில் இளகிப் பையின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். ஈரம் பட்டதும் கொழுப்பு அணிவகுத்துக் கெட்டிப்படும். ஆனால் ஓரிரு நாளில் கரைந்துவிடுவதால், ஒரு வாரம் கழித்து மறுபடி வைப்பார்கள்.

[திரையில்: இணைத்த இரண்டு சிரிஞ்சுகள். கலவை இங்கும் அங்குமாகப் பாய்கிறது.]

எனக்குப் பிடித்தது அடுத்தது: 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏட்ரிடாக்ஸ் என்ற ஜெல். ஒரு சிரிஞ்சில் டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின் பொடி, 50 மில்லிகிராம். இன்னொன்றில் தண்ணீரில் கரையாத பாலிலாக்டைடு என்ற பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து வைத்திருப்பார்கள். இரண்டையும் இணைத்து, நூறு தடவை தள்ளித் தள்ளிக் கலக்க வேண்டும். பைக்குள் போனதும் கரைப்பான் வெளியேறும், ஈரம் உள்ளே நுழையும். ஜெல் மெழுகாக இறுகிவிடும். எந்தத் திரவம் மருந்தைக் கழுவித் தள்ளியதோ அதுவே இப்போது மருந்தைப் பூட்டி வைக்கிறது!

ஏழு நாள் மருந்து கசியும். முதல் சில மணி நேரத்தில் பைத் திரவத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும், ரத்தத்திலோ 0.1 மைக்ரோகிராமைத் தாண்டாது. இதே நுட்பம்தான் புராஸ்டேட் புற்றுநோய்க்கான எலிகார்ட் ஊசியிலும் இருக்கிறது. அங்கே தோலுக்கடியில் இறுகி, மாதக்கணக்கில் மருந்து விடும்.

[திரையில்: வேரில் ஒட்டிய பற்காரையைச் சுரண்டும் கருவி.]

அப்புறம் ஒரு விஷயம். ஜெல் வைத்தால் கிளீனிங் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கும்போது மருந்து உள்ளே ஊடுருவுவது கடினம். காரையை மருந்து கரைப்பதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வேரை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல்லோடு ஈறின் பிடிமானம் சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடியது. டாக்ஸிசைக்ளின் ஜெல் அதற்கு மேல் சுமார் 0.6 மில்லிமீட்டர் சேர்த்தது, அதுவும் வலுக்குறைந்த சான்றுகளின்படி. ஆகவே வாய் முழுக்க வைக்கிற மருந்து இல்லை இது. சுத்தம் செய்து சில வாரம் கழித்தும் அடங்காத ஓரிரண்டு பைகளுக்குத்தான் பொருத்தம்.

டெட்ராசைக்ளின் வகை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இந்த வகை வேண்டாம். வளரும் பல்லில் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும்.

[திரையில்: கண்ணாடி முன் பிரஷ்ஷோடு ஒருவர். ஒரு கடைவாய்ப் பல்லை மட்டும் சிவப்பு வட்டம் சுற்றுகிறது.]

ஏட்ரிடாக்ஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அந்த வட்டத்துக்குள் ஏழு நாள் பிரஷ்ஷும் ஃபிளாஸும் வேண்டாம். மற்ற பற்களை வழக்கம்போலத் தேய்க்கலாம்.